தங்கை உதைத்தால் கிளம்பாத வண்டி

எந்த வண்டி வந்தாலும் முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார் என்பதால் அவருக்குப் பிளக்கண்ணன் என்று பெயர். பிளக் நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, கரி பிடித்திருக்கிறதா என்று பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவார். பட்டறை வைத்து இருபத்தாறு வருடம். யாரிடமும் போய்க் கற்றதில்லை; பழைய எஞ்சின்களைப் பிரித்துப் பிரித்துத் தெரிந்துகொண்டதுதான்.

அவருடைய தங்கை மண்பாதைப் பந்தயம் ஓட்டினாள். மேட்டிலிருந்து பாய்ந்து இறங்குவதில் ஆண்களே அவளுக்குப் பின்னால்தான். அவளிடம் இருந்தது ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக். அந்தப் பந்தயத்தில் வண்டிகள் எல்லாம் அணைந்த நிலையில் நிற்கும். கொடி இறங்கியதும் அவரவர் உதைத்துக் கிளப்பிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் முதல் வளைவைத் தாண்டும்போது அவள் எட்டாவது உதையில் இருப்பாள்.

திங்கட்கிழமை வண்டி பட்டறைக்கு வரும். அவர் சீட்டைக் கழற்றி, ஏர் ஃபில்டரை எடுத்து வைத்துவிட்டு ஒரு உதை உதைப்பார். பிளக்கைப் பார்ப்பார், ஈரமாக இருக்கும். மாட்டி மறுபடி உதைத்தால் கிளம்பிவிடும்.

"எனக்கு மட்டும் ஏன் அண்ணா கிளம்ப மாட்டேங்குது?"

"வண்டிக்கு ஆள் தெரியுமா? கிக்கரைக் கடைசி வரைக்கும் மிதிக்கணும். நீ கோழி குப்பையைக் கிளறுற மாதிரி கிளறுற."

பக்கத்துக் கடை லேத்காரர் சிரித்தார். "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்."

"எனக்கு உதைக்கத் தெரியலைன்னே வச்சுக்கோ. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் உடனே அடங்க மாட்டேங்குதே, அதுக்கும் என் கால்தான் காரணமா?"

அவர் கார்பரேட்டர் திருகாணியைக் கால் சுற்றுத் திருகி அனுப்பிவைத்தார்.

அந்த வருடக் கடைசிப் பந்தயத்தில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு ஒரு கம்பெனி அணியில் வேலை. அதற்காக அவள் நான்கு மாதம் மணல்மூட்டையைத் தோளில் வைத்து மாடிப்படி ஏறி இறங்கினாள். பந்தயத்தன்று பதினான்கு முறை உதைத்தாள். கயிற்றுக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்த அண்ணன், லேத்காரரும் மற்றவர்களும் கேட்கச் சொன்னார்: "கால்ல வலு இல்லாதவளுக்கு எதுக்கு இந்த ஆசை?"

அவள் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். சண்டை எதுவும் இல்லை. பேச்சுதான் அளவோடு ஆகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து வண்டியை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். அந்த வாரம் பிளக்கண்ணனுக்கு இடது உள்ளங்கையில் தகடு கிழித்து நான்கு தையல். ஃபில்டரை எடுத்துவிட்டு உதைத்தார். கிளம்பவில்லை. பத்து முறை உதைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினார். எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. அந்த வண்டியின் பிளக்கை அவர் காய்ந்து பார்த்ததே இல்லை.

கட்டுப் போட்ட கையைப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. உதைக்கும்போதெல்லாம் ஃபில்டர் இருந்த துவாரத்தை அந்தக் கை தானாகப் போய் மூடிக்கொள்ளும்; இன்று கட்டோடு அது போகவில்லை. காற்று அடைபட்டு எஞ்சின் பெட்ரோலை இழுக்கும். சோக் வேலை செய்யாத வண்டிகளோடு மாரடித்த காலத்துப் பழக்கம். அதை ஒரு வேலையாகவே அவர் எண்ணியதில்லை. பந்தயத்தில் அவளுக்கு அந்தக் கை இல்லை.

எஞ்சினின் மேக்னட் பக்க மூடியைத் திறந்தார். காற்று புகாமல் அடைக்கிற கிராங்க் ஆயில் சீலின் ரப்பர் உதடு இறுகிப் பிளந்திருந்தது. அந்த வழியாகத்தான் இத்தனை நாளும் காற்று புகுந்து பெட்ரோல் கலவையை மெலியவைத்திருந்தது. அவள் சொன்ன அந்த அடங்காத சத்தமும் அதனால்தான். மாற்றுவது அரை நாள் வேலைதான்.

வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, சீலை மாற்றி, ஃபில்டரைப் பூட்டி, தங்கையைக் கூப்பிட்டார். அவள் கடைக்குப் போகும் வழியில் வந்தாள். இரண்டாவது உதையில் கிளம்பியது. ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டாள். சத்தம் உடனே இறங்கியது. அணைத்தாள்.

"சீல் போயிருந்துச்சும்மா. நான் கையால அடைச்சு அடைச்சு அதைக் கவனிக்காமலே விட்டுட்டேன்."

"அப்போ என் கால் நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்துச்சு. வண்டியை எடுத்துக்கோ. அடுத்த பந்தயத்துக்கு நானே வரேன்."

"ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி அண்ணா." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "என்கிட்ட சொன்னது சரி. அன்னைக்கு யார் முன்னாடி சொன்னியோ, அவங்ககிட்டயும் சொல்லிடு."

அவர் நேராக லேத்காரரிடம் போனார். சீலைக் காட்டி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

"அட, அது ஏதோ தமாஷுக்குப் பேசினது. அதையெல்லாம் யாருப்பா ஞாபகம் வச்சிருக்கா?" என்று லேத்காரர் மெஷினைப் போட்டுவிட்டார். பிளக்கண்ணன் பாதிதான் சொல்லியிருந்தார். சீலைக் கையில் வைத்தபடி, மெஷின் எப்போது நிற்கும் என்று காத்து நின்றார்.