கண் ஜோடியாகத்தான் வரும்: சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் வரை

சனிக்கிழமை காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, என் கணவரின் இடது கண்ணில் சொட்டு மருந்து விட்டது. ஒரு காலத்தில் கண் விழித்தவுடன் கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டு ஜெபிப்பேன். இப்போது அந்த இடத்தில் மருந்துக் குப்பி இருக்கிறது. சொட்டு விட்டபின் ஐந்து நிமிடம் இவர் கண்ணை மூடியபடி படுத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், கடவுளிடம் எதுவும் கேட்காமல்.

பயணக் குறிப்பு படிக்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணம் ஏன் என்று சொல்லாமல் எப்படி என்று மட்டும் சொல்ல எனக்கு வரவில்லை.

எங்கள் சபையில் ஆராதனையின் நடுவே, "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம்" என்று போதகர் அழைப்பார். ஜெபத்துக்குப் பதில் கிடைத்தவர்கள் மைக்கைப் பிடித்து நடந்ததைச் சொல்வார்கள். சபை கைதட்டும். இவருக்கு வலது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். நல்ல கண்ணாக இருந்த இடது கண்ணில் போன வருடம் விழித்திரை பிரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வை திரும்பியது. நான் முன்னால் போய்ச் சாட்சி சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். இரண்டே மாதத்தில் விழித்திரை மறுபடி பிரிந்தது. இரண்டாவது அறுவை சிகிச்சை உதவவில்லை. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும்தான்.

"அவசரப்பட்டு சாட்சி சொல்லிட்டீங்க சிஸ்டர். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றார் சபையில் ஒருவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்பாகத்தான். அதற்குப் பிறகு நான் உள்ளே போகவில்லை. ஞாயிறுதோறும் இவரைத் தி.நகரில் உள்ள எங்கள் ஆலயத்தின் கேட்வரை கூட்டிப்போய், உடன் பாடும் ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். பாடகர் குழுவில் இவர் குரல் தனியாகக் கேட்கும். டீ ஆறிவிடும்.

இந்தப் பயணம் இவருடைய யோசனை. "ஆறு மாசமா டீக்கடையிலயே உனக்கு ஆராதனை நடக்குது எஸ்தர். நம்ம சபை வேணாம். எங்கயாவது ஒரு கோயிலுக்குள்ள போலாம் வா" என்றார்.

தி.நகரில் பாண்டி பஜார் பக்கமிருந்து சாந்தோம் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். காலை ஆறேகாலுக்கு ஆட்டோ. நூற்று எண்பது கேட்டார், நூற்று ஐம்பதுக்கு வந்தார். சீட்டுக்குப் பக்கத்தில் பச்சைத் துணியில் சுற்றிய சிறு புத்தகம் ஒன்று வைத்திருந்தார். இவர் தடவித் தடவி ஏறுவதைப் பார்த்துவிட்டு, "மெதுவா சார், கம்பி கீது, தலைய குனிஞ்சிக்கோ" என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, வேண்டுதலா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் இவர் முந்திக்கொண்டார். "இல்ல பாய். இவங்க கடவுளோட டூ விட்டிருக்காங்க. சமாதானம் பேசக் கூட்டிப் போறேன்."

"அட, எங்க வூட்லயும் அதே கததான் சார். எங்கம்மா என்னாண்ட டூ வுட்டுக்கினு ஒரு வாரம் ஆவுது. ஆனா சோறு மட்டும் கரெக்டா டேபிள்ல வந்துக்கினே கீது." மயிலாப்பூர் லஸ் தாண்டும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்தச் சோறு மனதில் நின்றது.

சாந்தோம் பேராலயத்தை வெளியிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. நாங்கள் சி.எஸ்.ஐ., இது கத்தோலிக்கக் கோயில்; இவ்வளவு பக்கத்திலிருந்தும் வேறு ஊர் மாதிரி. வெள்ளைக் கோபுரத்தின் கீழ் நின்றதும் இவர், "சொல்லு" என்றார். பார்வை போனதிலிருந்து எங்கே போனாலும் இதுதான். பார்ப்பதெல்லாம் நான் சொல்ல வேண்டும். "வெள்ளையா இருக்குங்க, ரொம்ப உயரம்" என்றேன். "அது எனக்கே தெரியுது. சரியா சொல்லு." சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் சரியாகப் பார்க்க வேண்டும். கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தேன். உச்சியில் சூரியன் விழுந்து, நுனி மட்டும் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. அதற்கு மேலே ஒரு பருந்து, சிறகை அசைக்காமல். எத்தனையோ வருடம் இந்தச் சாலையில் பேருந்தில் போயும் இதை நான் பார்த்ததில்லை.

இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறைச் சிற்றாலயம் தரைக்குக் கீழே இருக்கிறது. வழி தனி, கேட்டால் காட்டுவார்கள். ஒவ்வொரு படிக்கும் "படி, படி" என்று சொல்லி இறக்கினேன். கீழே குளிர்ச்சியாக இருந்தது. சிலர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் தோமாவின் சொரூபம் படுத்த நிலையில். யாரும் பேசவில்லை. எங்கள் சபையில் அமைதி என்றால் யாரோ தன் முறையை மறந்துவிட்டார் என்று அர்த்தம். உடனே ஒருவர் எழுந்து ஜெபிப்பார். இங்கே அமைதிதான் நடந்துகொண்டிருந்தது.

முழங்காலிடுவதா, நிற்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இவர் சட்டென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரு உள்ளங்கைகளையும் கல்லில் வைத்தார். என் காதருகே, "தோமாவுக்கு நம்பறதுக்கு இயேசுவோட காயத்தைத் தொட்டுப் பாக்கணும். எனக்கு எல்லாத்துக்கும் தொட்டுப் பாக்கணும். நாங்க ஒரே ஜாதி" என்றார். நானும் கையை வைத்தேன். கல் சில்லென்று இருந்தது. எத்தனை பேரின் கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜெபிக்க வார்த்தை ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்று யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மேலே ஏறி வந்தபோது மணி எட்டரை. கீழே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறோம்.

பக்கத்துக் கடையில் இட்லி, காபி, இருவருக்கும் நூற்றுப் பத்து ரூபாய். பிறகு பட்டினப்பாக்கம்வரை நடந்தோம். சாலையோர மீன்கடைகளில் வியாபாரம் சூடாக இருந்தது. இவர் மூக்கை வைத்தே "வஞ்சிரம் இல்ல, நெத்திலிதான்" என்று ஒவ்வொரு கடையிலும் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் சொன்னார். அங்கிருந்து அடையாறு வழியாகப் பெசன்ட் நகருக்குப் பேருந்து. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவருக்கு மட்டும் ஒன்பது ரூபாய். "கண்ணும் போச்சு, காசும் போச்சு" என்றார் நடத்துநரிடம். அவர் சிரித்துவிட்டு, முன்பக்கம் ஒரு சீட்டைக் காலி செய்து கொடுத்தார்.

பெசன்ட் நகர் மாதா கோயிலில் சனிக்கிழமை கூட்டம் அதிகம் என்று தெரிந்தேதான் போனோம். சேலைத் தலைப்பால் முக்காடிட்டவர்கள், நெற்றியில் குங்குமம் உள்ளவர்கள், ஐ.டி. கார்டு கழுத்தில் தொங்க அலுவலகம் போகும் வழியில் வந்தவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். வாசலில் மெழுகுவத்தி, பூமாலை, அதோடு மெல்லிய தகட்டில் அடித்த உருவங்கள்: கை, கால், வீடு, தொட்டில், கண். நேர்ந்துகொண்டு காணிக்கையாகப் போடுவார்கள். எங்கள் வழக்கத்தில் இது கிடையாது. நான் நகரப் பார்த்தேன்.

"இன்னாம்மா, பாத்துக்கினே கீற, எடுத்துக்க" என்றார் கடைக்கார அம்மா.

இவர் நின்றுவிட்டார். "கண்ணு இருக்கா?"

"கீது நைனா. ஜோடி இருபது ரூவா."

"ஒத்தக் கண்ணு கெடைக்குமா? நான் ஒண்ணுதான் கேக்கப் போறேன்."

"கண்ணு ஜோடியாதான் வரும். ஒத்தையா வெட்டிக் குட்த்தா அது கண்ணா, மீனா?"

"மீனாவே குடுங்க, மத்தியானக் கொழம்புக்கு ஆச்சு."

"த்தோ பாரு, மாதா வாசல்ல நின்னுக்கினு நக்கலு!" அந்த அம்மா இவர் கையில் ஓங்கி ஒரு அடி வைத்து, அதே கையில் கண்களையும் வைத்தார்.

உள்ளே காணிக்கை போடும் இடத்தில் ஒரு பெரிய தட்டு. இவர் வழக்கம்போல, "சொல்லு" என்றார். குனிந்து பார்த்தேன். தட்டு நிறையத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லாம் அசைவதுபோல் இருந்தன.

"கண்ணுதாங்க நெறைய. கால் இருக்கு. தொட்டில் ரெண்டு மூணு. ஒரு சின்னப் படகு. ஒரு இதயம், ஓரம் மடங்கியிருக்கு."

"இதுல யாருக்குக் கெடைச்சுது, யாருக்கு இன்னும் கெடைக்கல?"

பார்த்தேன். உண்மையாகவே தேடினேன். குழந்தை பிறந்து நன்றிக்குப் போட்ட தொட்டில் எது, பிறக்காமல் வேண்டிப் போட்ட தொட்டில் எது? "தெரியலங்க" என்றேன். "எல்லாம் ஒண்ணு போலத்தான் மின்னுது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. கேட்பது முதலில், கிடைப்பது அடுத்து, சாட்சி கடைசியில் என்று வரிசை வைத்திருந்தவள் நான். வரிசை மாறியதும் பொய் சொன்னவளாக என்னை நினைத்துக்கொண்டேன். இங்கே வரிசையே இல்லை. அழுகையும் நன்றியும் ஒரே தட்டில் கிடந்தன, யாரும் பிரித்து வைக்கவில்லை. முன்னால் நின்றிருந்தவர் என் பொருட்டு ஒதுங்கி வழிவிட்டார். அவ்வளவு பெரிய ஒன்றின் முன் நிற்கிறோம் என்ற உணர்வில் நான் மண்டியிட்டேன்.

"நன்றின்னு போடறியா, வேணும்னு போடறியா?" என்றார் இவர், கண்களை என் கையில் கொடுத்து.

தட்டில் போட்டேன். தகட்டுச் சத்தம் கேட்டு இவர் தலையை ஆட்டினார்.

இதேபோல் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சாந்தோமுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்தால் கல்லறையில் அந்த அமைதி இருக்காது. கோயில்களின் நேரமும் பூசை நேரமும் மாறக்கூடும், முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பட்டினப்பாக்கத்தில் வெயில் ஏறிவிட்டால் நடக்காதீர்கள். பார்வை குறைந்தவரைக் கூட்டிப்போனால் பின்னாலிருந்து தள்ளாமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளும்படி முன்னால் நடங்கள். முக்கியமாக, பார்ப்பதைச் சொல்லிக்கொண்டே போங்கள். சொல்வதற்காகப் பார்த்தால்தான் நமக்கும் தெரிகிறது. ஆட்டோ, பேருந்து, சாப்பாடு, காணிக்கை என்று எல்லாம் சேர்த்து எங்களுக்கு அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

நான் எழுதுவதையெல்லாம் வெளியிடுவதற்குமுன் இவருக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். காபி குடித்துவிட்டுக் காத்திருக்கிறார். வரும் ஞாயிறு நான் டீக்கடைக்குப் போகப் போவதில்லை. போதகர் அழைக்கும்போது எழுந்து முன்னால் போய், அதே மைக்கைப் பிடித்து, கண் வரவில்லை என்று சாட்சி சொல்லப் போகிறேன். கைதட்டல் வராமல் போகலாம். இவரிடமும் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டு வாசிப்பேன்.