தட்டிப் பார்த்த போல்ட்டு

எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம், யுத்த காலத்தில், நாங்கள் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் லைன் மேஸ்திரி. தண்டவாளத்துப் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஆட்களோடு நடந்து பார்த்துக்கொண்டே போவதுதான் வேலை. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, ரயில் டிரைவர். போகும்போது மேசை, நாற்காலி, நாய் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார். தரையில் போல்ட்டுப் போட்டு முடுக்கியிருந்த வெள்ளைப் பீங்கான் கமோடை மட்டும் விட்டுப்போயிருந்தார்.

நான் சேந்தமங்கலத்துப் பக்கம் பண்ணையம் பார்க்கிற குடும்பத்துப் பெண். வீட்டுக்குள்ளேயே கக்கூஸா, அதிலும் நாற்காலியில் உட்காருகிற மாதிரியா என்று முதலில் குமட்டியது. கதவைச் சாத்தி, அதன் முன்னால் விறகை அடுக்கி வைத்துவிட்டேன். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அந்தக் கதவு தெரிகிற பக்கம் இலை போட்டால் உட்காரவே மாட்டார்கள்.

பிறகு ஒரு மழைநாளில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டேன். கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. முழங்கால்தான் மடங்கவில்லை. குந்தி உட்கார முடியாதவள் வெளிக்குப் போவது எப்படி? இதை யாரிடம் போய்ச் சொல்வது? அடுக்கிய விறகை நானே அப்புறப்படுத்தினேன். நான் முகம் சுளித்த அந்தப் பீங்கான்தான் என் மானத்தைக் காப்பாற்றியது.

ஆனால் அது ஆடியது. அடியில் ஒரு போல்ட்டுத் தளர்ந்து, உட்கார்ந்தால் இடப்பக்கம் சாயும். காலை நீட்டியபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு, கடவுளே கடவுளே என்று உட்கார்ந்திருப்பேன். அவரிடம் சொன்னால், "பாக்கலாம் புள்ள" என்பார். ஊரான் போகிற ரயிலுக்கெல்லாம் போல்ட்டுப் பார்க்கிற மனுஷனுக்குச் சொந்த வீட்டுக் கக்கூஸில் கை வைக்கக் கூச்சம். ஆட்களுக்குத் தெரிந்தால் சிரிப்பார்களாம். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். மேஸ்திரி பெண்டாட்டியையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் பார்க்க வந்தார். நான் சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வருவதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"காலு மடங்கற வரைக்கும் நம்மூட்டுல வந்து இரு அம்மிணி. இங்க நீ உழுந்தா தூக்கறதுக்கு ஆரு இருக்கறாங்க? வர்ற ஞாயித்துக்கெழம வாரேன். துணிமணிய எடுத்து வெச்சிரு."

பாசத்தில்தான் சொன்னார். ஆனால் கால் விளங்காமல் பிறந்த வீட்டுக்குப் போனவளைத் திரும்ப அழைத்துவர யாரும் அவசரப்படமாட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு வேறு பெண் பார்த்தால் என்ன என்று அவருடைய சொந்தத்தில் ஏற்கெனவே பேச்சு அடிபட்டது. அண்ணன் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அந்தக் கருமம் ஆடாம இருந்தா நான் ஏனுங்க போகோணும்?" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் ஸ்பேனரும் கைச்சுத்தியலும் கொண்டுவந்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, பழைய செருப்புத் தோலை வட்டமாக நறுக்கி நட்டுக்கு அடியில் கொடுத்து, பக்குவமாகத்தான் முடுக்கினார். பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "இதென்ன பிரம்ம வித்தையா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதோடு எழுந்திருந்தால் தேவலை. லைனில் போல்ட்டு முடுக்கினால், சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்கள். கணீரென்றால் இறுக்கம், மொத்தென்றால் தளர்ச்சி. பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு தட்டுத் தட்டிவிட்டது. போல்ட்டு என்ன சொன்னதோ, பீங்கான் படீரென்றது. போல்ட்டு பிடித்திருந்த விளிம்பு துண்டாகப் பெயர்ந்து வந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "தட்டிப் பாக்கறதுக்கு இதென்ன ஈரோட்டு லைனுங்களா?" என்று கத்தினேன். அவர் அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர். அவர் அழுது அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

"அப்ப நீ போயிருவியா புள்ள?" என்றார்.

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

தண்டவாளம் ஆடினால் அடியில் ஜல்லியை இடித்துத் திணிப்பார்கள். கடைசியில் அதே வழிக்குத்தான் வந்தார். கழித்துப்போட்ட ஸ்லீப்பர் கட்டையை ஆப்பாகச் சீவிக் கமோடுக்கு அடியில் செருகினார். சுற்றிலும் செங்கல் வைத்துச் சுண்ணாம்புக் காரை பூசினார். கூச்சமெல்லாம் பறந்துவிட்டது, காரை குழைக்கத் தன் ஆட்களையே கூப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை. காய்கிற வரைக்கும் கிட்டே போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். "துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டியா?" என்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே இரண்டு ஆண்களும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவரைப் பிடிக்காமல் உட்கார்ந்தேன். வேண்டுமென்றே இடப்பக்கம் சாய்ந்து பார்த்தேன். பாறை மாதிரி நின்றது.

"ஆடுதா புள்ள?" என்று வெளியிலிருந்து அவர் குரல்.

"ஆடலீங்க" என்றேன். உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். அண்ணன் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தனியாக ஊருக்குப் போனார்.

முழங்கால் பிறகு பாதிதான் மடங்கியது. எத்தனையோ வீடு மாறினோம். போன வீட்டிலெல்லாம் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் வெளியிலிருந்து அந்தக் கேள்வி வரும். பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவர் விடமாட்டார்.

இப்போது அவர் இல்லை. மகன் வீட்டில் பளபளவென்று ஒன்று இருக்கிறது. போல்ட்டு எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாது. நானும் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.