விட்டுப்போன இரண்டு நிமிடங்கள்

பள்ளியில் நான் கணக்கு ஆசிரியர். ஹாக்கிக்கு வந்தது என் உயரத்தால். சேர்ந்த முதல் வாரமே முதல்வர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மிஸ்டர் லாசரஸ், நீங்க ஸ்போர்ட்ஸ்மேன்தானே?" என்றார். புது வேலை, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதுவரை நான் ஓடியதெல்லாம் என் வீடு இருந்த புக்கிட் மேராவில் பஸ் பிடிக்கத்தான். அதிலும் பாதி நாள் பஸ்தான் ஜெயிக்கும்.

என் பயிற்சியில் பெண்கள் அணி முதல் ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கியது. இடைவேளையில் நான் சொன்ன ஒரே நுணுக்கம், "நல்லா ஆடுங்க." மறுவருடம் எட்டு கோல். அறிக்கையில் அதை முன்னேற்றம் என்று எழுதினேன். மூன்றாம் வருடம் பயிற்சியை வேறொருவரிடம் கொடுத்து, என்னை நடுவர் தேர்வுக்கு அனுப்பிவிட்டார்கள். விதிகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துத் தேறினேன். இருபத்திரண்டு வருடம் விசில் ஊதியதில், ஆட்கள் இன்னும் பேசுவது ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான்.

அது பள்ளிகளுக்கிடையிலான அரையிறுதி. என்னோடு இன்னொரு நடுவர் யூசுப். நேரம் பார்ப்பது என் பொறுப்பு. இரண்டாம் பாதியில் ஒரு பெண் முழங்காலில் அடிபட்டு விழுந்தாள். ஆட்டத்தை நிறுத்தினேன். கடிகாரத்தை நிறுத்தவில்லை. ஒன்று-பூஜ்யம் என்று ஆட்டத்தை முடித்தும் விட்டேன்.

ஆட்ட முடிவுத் தாளில் கையெழுத்துப் போடும்போது யூசுப் கேட்டார்: "சார், அந்தப் பொண்ணு விழுந்தப்ப வாட்ச்ச ஸ்டாப் பண்ணீங்களா?"

வெளியே தோற்ற அணியின் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடினேன். தொப்பை எனக்கு ஓரடி முன்னால் ஓடியது. பஸ்ஸில் ஏறி, அழுது வீங்கிய முகங்களுக்கு முன் மூச்சு வாங்க, இரண்டு நிமிடம் முன்னதாகவே முடித்துவிட்டேன், தவறு என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர்களின் பயிற்சியாளர் உமாமகேஸ்வரி எழுந்தார். "என்ன சார், வெளையாடுறீங்களா?"

"இல்லம்மா, நீங்கதான் வெளையாடணும்."

விட்டுப்போன இரண்டு நிமிடத்தை ஆட, ஜெயித்த அணியும் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தது. தோற்றவர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். கோல்கீப்பரைக்கூட முன்னால் அனுப்பினார்கள். காலியாகக் கிடந்த கோலுக்குள் எதிரணி பந்தைத் தள்ளிவிட்டது. இரண்டு-பூஜ்யம்.

"ஒன்னுலயே தோத்துட்டு வீட்டுக்குப் போயிருப்போம் லா," என்றார் உமாமகேஸ்வரி.

என் தவறை நானே எழுதிக் கொடுத்தேன். தண்டனையாக, அடுத்த பருவம் முழுக்கத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம்தான் எனக்கு. "யாருக்கும் தெரியாதுல்ல, சும்மா இருந்திருக்கலாமே?" என்றாள் என் மனைவி ரீட்டா. "யூசுப்புக்குத் தெரியுமே," என்றேன். எனக்கும் தெரியுமே என்று சொல்லியிருக்கலாம்; சினிமா வசனம் போலிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுவருடம் சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உமாமகேஸ்வரியைப் பார்த்தேன். ஒளிய இடமில்லை. அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க மேட்சுக்கு உங்களத்தான் கேட்டிருக்கேன் சார்."

"ஏம்மா, பட்டது போதாதா?"

"எல்லா அம்பயரும் தப்புப் பண்றாங்க. பஸ்ல ஏறி வந்து சொன்னது நீங்க மட்டும்தான்."

காலி டம்ளரை எடுத்துக் குடித்தேன்.

அந்த ஆட்டத்துக்குப் போனேன். அவர்கள் நான்கு-ஒன்று என்று ஜெயித்தார்கள். நான் விசில் ஊதியது முதல் பாதிக்கு மட்டும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதால் மீதியை மாற்று நடுவர்தான் நடத்தினார்.