பெட்டியின் வாயை அடைத்தார், என் வாயைத் திறந்தார்

அன்பான சகோதர சகோதரிகளே, முதலில் என் கையெழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எந்த இடத்தில் எந்த 'ர' வரும், எந்த 'ல' வரும் என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். பிழைகளைத் திருத்தி வாசிக்கும்படி நம் சபைப் போதகரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தாலும் நடந்தது கோணல் இல்லை. அத்தனையும் உண்மை.

என் பெயர் ஞானதாஸ். திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவன். 1991இல் கல்கத்தாவுக்கு வந்தேன். துறைமுக கேன்டீனில் சில வருடங்கள், பிறகு ஹவுராவில் ஒரு பட்டறையில் சில வருடங்கள். கடைசியாக கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், செல்போன் ரிப்பேர் கடையில் வேலை கிடைத்தது. போனைத் திறப்பது, துடைப்பது, பேட்டரி மாற்றுவது என் வேலை. முதலாளி என்னைவிட வயதில் சின்னவர், ஆனாலும் எல்லோரையும் போல நானும் அவரைப் பாப்பிதா என்றே கூப்பிடுவேன்; இங்கே 'தா' என்றால் அண்ணன். அவர் என்னை தாஸ்தா என்பார். தாஸ் என்ற பெயரைக் கேட்டு என்னையும் வங்காளி என்று நினைத்து வேகமாகப் பேச ஆரம்பிக்கிறவர்கள் நிறையப் பேர். நான் பதில் சொல்லாமல் சிரிப்பேன்.

எனக்கு அப்படித்தான் பழக்கம். கூச்ச சுபாவம். நாலு பேர் கூடினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பேசினாலும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். "தாஸ்தா பேசுறதைக் கேக்கணும்னா டிக்கெட் வாங்கிட்டு முன்னாடி வரிசையில உக்காரணும்" என்று பாப்பிதா வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பாலிகஞ்சில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்திலும் இதே கதைதான். ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபித்து வருவார்கள். என் முறை வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்தவர் ஆரம்பிப்பார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மரியாள் பிடித்துக்கொள்வாள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவிய?"

"மனசுக்குள்ள சொன்னேம்லா."

"ஆண்டவருக்குக் கேட்டிருக்கும். பக்கத்துல இருந்த எனக்கே கேக்கலையே!"

இந்தக் குறையை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. என்னை இப்படியேதான் வைத்திருக்கப் போகிறார் என்று கேட்பதையே விட்டுவிட்டேன்.

2005 செப்டம்பர். விஸ்வகர்மா பூஜை வந்தது. இந்த ஊரில் பட்டறை, கடை, ரிக்‌ஷா ஸ்டாண்டு எல்லாவற்றிலும் அன்றைக்கு வேலை கிடையாது. கருவிகளைக் கழுவித் துடைத்துச் சாமிக்கு முன்னால் வைப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் ஊரே மொட்டை மாடியில் ஏறிப் பட்டம் விடும். பூஜைக்கு முந்தைய நாள் கடையைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்வது வழக்கம். எல்லா டிராயரையும் கவிழ்த்துவிட வேண்டும். ஆனால் பூஜை முடியும்வரை ஒரு துரும்பைக்கூட வெளியே எறியக் கூடாது. எறிந்தால் தொழிலையே எறிந்தது போல என்பார் பாப்பிதா.

அதனால் குப்பை முழுவதும் ஒரே கோணிச் சாக்குக்குள் போனது. செத்துப்போன பேட்டரிகள், வயிறு உப்பிப்போன பேட்டரிகள், மேல்தோல் கிழிந்தவை, அதோடு திருகாணிகள், வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகள், உடைந்த சார்ஜர்கள். சாக்கு நிறைந்து வாய் மூடவில்லை. பாப்பிதா செருப்புக் காலோடு அதன்மேல் ஏறி நின்று மிதித்தார். "போ உள்ளே, பிள்ளையாட்டம் அடங்கு!" என்று அதட்டினார். எல்லோரும் சிரித்தோம். பிறகு நானும் அவரும் அதைத் தூக்கிப்போய் மாடிப்படிக்கு அடியில், காலி அட்டைப்பெட்டிகளோடு வைத்தோம். அதற்கு மேலேதான் மின்சார மீட்டர். தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை. பேட்டரி செத்துவிட்டால் அது வெறும் கல் என்றுதான் எங்கள் தொழிலில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அது மூன்று மாடிப் பழைய வீடு. கீழே கடை, மேலே பாப்பிதாவின் குடும்பம். ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. பூஜையன்று என் மகள் கிரேஸையும் கூட்டிப் போயிருந்தேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவாள். பட்டம் பார்க்க வேண்டும் என்று ஒரே அடம். எல்லோரோடும் மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். பாப்பிதாவின் அம்மாவையும் கைத்தாங்கலாக மேலே கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிற அந்த அம்மாவுக்கு முழங்கால் முடியாது. மாடியில் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டி. பாட்டுச் சத்தத்தில் சந்தே அதிர்ந்தது. பட்டம் அறுபடும்போதெல்லாம் "போ காட்டா!" என்ற கூச்சல் வேறு.

நான் கீழே கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கூட்டமும் சத்தமும் எனக்கு ஆகாது.

முதலில் வாடைதான் வந்தது. நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தது போல இனிப்பான, மூக்கை எரிக்கிற வாடை. எழுந்து படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சாக்கிலிருந்து வெள்ளைப் புகை பாம்பு சீறுவது போலச் சீறிக்கொண்டு வந்தது. நான் பார்க்கும்போதே 'டப்' என்று ஒன்று வெடித்தது. நெருப்போடு ஒரு பேட்டரி பறந்துவந்து சுவரில் மோதி விழுந்தது. அட்டைப்பெட்டிகள் பற்றிக்கொண்டன. அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. பட்டாசுக் கட்டுக்கு நெருப்பு வைத்தது போல.

புகை வெளியே வரவில்லை. படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. புகைக்கூண்டில் போவது போல நேராக மேலே. மேலே என் பிள்ளை இருந்தாள்.

ஓடிப்போய் ஏறிவிடலாம் என்று இரண்டு அடி வைத்தேன். ஒரே ஒரு மூச்சு அந்தப் புகையை இழுத்தேன். நெஞ்சைக் கத்தியால் கிழித்தது போல இருந்தது. கண் இருண்டது. பின்னால் வந்துவிட்டேன். எதிர்ப் பெட்டிக்கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். மேலே மீட்டர் பெட்டி இருப்பதைக் காட்டி, கையை அகல விரித்து அவரைத் தடுத்தேன். அவர் புரிந்துகொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்ய ஓடினார்.

நான் சந்தின் நடுவில் நின்று மேலே பார்த்துக் கத்தினேன். கத்தினேன் என்று எழுதுகிறேனே தவிர எனக்கே அது கேட்கவில்லை. பாட்டு விழுங்கிவிட்டது. மாடியில் தலைகள் தெரிந்தன. எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரேஸின் சிவப்பு ரிப்பன்கூடத் தெரிந்தது. கையை ஆட்டினேன். ஒருவரும் குனியவில்லை. வாழ்நாள் முழுவதும் வராத சத்தம் இப்போது எங்கிருந்து வரும்? என் பிள்ளை என் கண்முன்னே போகப்போகிறாள், என் தொண்டை சரியில்லாததால் போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கேட்டேன். முழங்கால் போட நேரமில்லை. நின்றபடியே, "ஆண்டவரே, அந்தப் பாட்டுப் பெட்டியின் வாயை அடையும். என் வாயைத் திறவும்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

பாட்டு நின்றது.

பாதி வரியில், கத்தரித்தது போல நின்றது. வீட்டுக்கு மின்சாரம் போய்விட்டது. அந்த அமைதியில் என் வயிற்றின் அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

"நாம்பேன் நா! பாஷேர் சாதே ஜான்!"

இறங்காதீர்கள், பக்கத்து மாடிக்குப் போங்கள் என்று அர்த்தம். அதையே திரும்பத் திரும்பக் கத்தினேன்.

மேலே அந்த நேரம் என்ன நடந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாட்டு நின்றதும் ஃப்யூஸ் போய்விட்டது என்று நினைத்து பாப்பிதா கீழே இறங்க வந்திருக்கிறார். கிரேஸ் "நானும் வரேன், அப்பாகிட்ட போறேன்" என்று அவர் கையைப் பிடித்திருக்கிறாள். படிக்கட்டுக் கதவின் தாழ்ப்பாளில் அவர் கை வைத்த நேரம் என் சத்தம் கேட்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு பையன், "யாரோ குடிச்சிட்டுக் கத்துறான், மாமா" என்றானாம்.

பாப்பிதா சொன்னாராம்: "டேய், அது தாஸ்தா! அந்த மனுஷன் பூனையைக்கூட விரட்டமாட்டார். அவர் கத்துறார்னா உயிர் போற காரியம்."

கதவைத் திறக்கவில்லை. அதன் இடுக்கு வழியாகப் புகை கசிந்ததை அதற்கப்புறம்தான் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு நடுவே இடுப்பளவுச் சுவர்தான். பிள்ளைகளை முதலில் தூக்கிக் கொடுத்தார்கள். மாஷிமாவை நாற்காலியோடு தூக்கிக் கடத்தினார்கள். "நான் இருந்துக்கறேன், என் பட்டத்தை விட்டுடாதீங்கடா" என்றாராம் அந்த அம்மா.

கிரேஸ் பக்கத்து வீட்டு வாசல் வழியாக ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "தோமார் கொலா, அப்பா?" என்று கேட்டாள். உங்க குரலா அப்பா? ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை முழுக்கக் கட்டிப்போய்விட்டது.

தீயணைப்பு வண்டி வந்தது. முதலில் சந்துக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார்கள். அதற்கு அப்புறம்தான் குழாயைத் திறந்தார்கள். சாக்கை வெளியே இழுத்துப் போட்டு மேலும் மேலும் தண்ணீர் அடித்தார்கள். அணைந்துவிட்டது என்று நாங்கள் பக்கத்தில் போகப் பார்த்தோம். அவர்களுடைய அதிகாரி விடவில்லை. சொல்லி வாய் மூடவில்லை, நனைந்த சாக்கிலிருந்து மறுபடியும் ஒன்று வெடித்தது. "இது லித்தியம். வெளியே அணைஞ்சாலும் உள்ளே சூடு உக்காந்திருக்கும். வெட்ட வெளியில தனியாக் கிடக்கட்டும்" என்றார். உப்பின பேட்டரியை மிதித்ததும், திருகாணியும் கம்பியும் அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டதும்தான் காரணமாக இருக்கும் என்றார். செத்த பேட்டரிக்கும் உள்ளே மிச்ச உயிர் இருக்குமாம்.

மின்சாரம் ஏன் போனது என்று கிசுகிசுத்த குரலில் நானே அவரிடம் கேட்டேன். மீட்டருக்குப் பக்கத்து வயர் நெருப்பில் உருகிப் போயிருக்கிறது, அதனால்தான் என்றார். இருக்கட்டும். அந்த வயர் எப்போது வேண்டுமானாலும் உருகியிருக்கலாம். பாப்பிதா கதவைத் திறந்த பிறகு உருகியிருக்கலாம். நான் கேட்டு முடித்ததும் உருகியது. யாரிடம் கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் எனக்குப் புரிந்தது. நான் தினமும் கத்துகிற ஆளாக இருந்திருந்தால் அன்றைக்கு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இத்தனை வருடம் குறை என்று நான் அழுததை ஆண்டவர் அந்த ஒரு நேரத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் என் முறை வந்தபோது வாயைத் திறந்தேன். கரகரத்த குரல்தான், ஆனால் அறை முழுவதும் கேட்டது. மரியாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெபம் முடிந்ததும், "யார் வீட்டிலாவது உப்பிப்போன போன் பேட்டரி இருக்கா?" என்று கேட்டேன். முதலில் சிரித்தார்கள். அடுத்த வாரம் கைக்குட்டையில் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு அக்கா, ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தால் உயிர் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கே வைத்திருந்தார்களாம்.

இப்போது கடையில் விஸ்வகர்மா பூஜைக்குக் குப்பை சேர்ப்பதில்லை. பழைய பேட்டரி ஒவ்வொன்றுக்கும் முனையில் டேப் ஒட்டி, திருகாணி படாமல் தனித்தனியாக வைக்கிறோம். உப்பியதைக் குத்துவதில்லை, அழுத்துவதில்லை, சார்ஜ் போடுவதில்லை. மணல் போட்ட மண் சட்டியில் வைத்துப் பின்முற்றத்தில், கூரையும் படிக்கட்டும் இல்லாத இடத்தில், வெயில் படாமல் சுவர் நிழலில் வைக்கிறோம். அதற்கென்று எடுத்துப்போகிறவரிடம் கொடுத்துவிடுகிறோம். படிக்கு அடியில் இன்றைக்கு ஒரு துடைப்பம்கூட இல்லை. நீங்களும் தலையணை மேல் வைத்து சார்ஜ் போடாதீர்கள். புகை வந்தால் பொருளைப் பார்க்காதீர்கள். ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள், தீயணைப்பைக் கூப்பிடுங்கள்.

என்னைப் போல வாய் வராதவர்கள் இதை வாசித்தால் உங்களுக்குச் சொல்கிறேன். நீளமாகக் கேட்கத் தெரியவில்லையே என்று வருந்தாதீர்கள். இரண்டு வரி போதும், நின்றுகொண்டே கேட்டாலும் போதும். அவர் செவி கொடுப்பார்.

இதை எழுதிக் கொடுக்கும்படி மரியாள் இரண்டு வருடமாகச் சொல்லி வந்தாள். பேசக் கூச்சம் போன பிறகும் எழுதக் கூச்சம் போகவில்லை. இன்று ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதி முடித்தேன். கிரேஸ் பக்கத்தில் இருந்து தமிழ் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்க்கிறாள்.

2008 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை.