பங்கு போட்டுப் படித்த ஜப்பான் பாஷை

என் வீட்டுக்காரருக்கு ஜப்பான் போகிற ஆசை வந்ததற்கு எங்கள் மேனேஜர்தான் காரணம். ஆம்பூரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். அவர் கட்டிங்கில் சூப்பர்வைசர், நான் செக்கிங்கில். புதிதாக ஒரு ஜப்பான் ஆர்டர் வந்திருந்தது. அங்கே மூன்று மாதம் தங்கி வேலை பழக ஒரே ஒரு ஆளை அனுப்புவார்கள், அவருக்கு ஜப்பான் பாஷை கொஞ்சமாவது தெரிய வேண்டும், ஷூ வாங்குகிற ஜப்பான்கார பையரே நேரில் வந்து பேசிப் பார்த்துத்தான் எடுப்பார் என்று மேனேஜர் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் "பேஜாருப்பா" என்று நழுவிவிட்டார்கள். இவர் மட்டும் கையைத் தூக்கினார். ஏலகிரியைத் தாண்டி வெளியூரில் தங்கியறியாத மனுஷன்! அன்றைக்கே டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

தனியாகப் பேசிப் பழகினால் பைத்தியம் என்பார்களாம். அதனால் என்னையும் இழுத்துவிட்டார்.

"சும்மா நீயும் கத்துக்கோ. நான் பேசினா பதில் சொல்லணும், அவ்ளோதான்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சோறு வடிக்கிற நேரத்தில் எனக்கெதற்கு ஜப்பான்? இருந்தாலும் போனில் பாடம் நடத்திய டீச்சரம்மா முன்னால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பாஷையில் எந்தச் செயலுக்கும் இரண்டு விதமாகச் சொல்ல வேண்டுமாம். வீட்டு மனிதர், சிநேகிதர் என்றால் வெறுமனே சொல்லலாம். மற்றவர்களிடம் கடைசியில் 'மாஸ்' போட்டு மரியாதையாகச் சொல்ல வேண்டும். குடிக்க நொமு, மரியாதைக்கு நொமிமாஸ். போக இகு, மரியாதைக்கு இகிமாஸ். சாப்பிட தபெரு, மரியாதைக்கு தபெமாஸ். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள் என்று அந்தம்மா ஒவ்வொரு பாடத்திலும் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

நாங்கள் கேட்டோமா? எங்கள் பக்கம் பொண்டாட்டி புருஷனை வாங்க, போங்க என்பாள். புருஷன் வா, போ என்பான். பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்க்கிறோம்.

"ஏங்க, நான் எப்படிங்க உங்கள வெறும்னே பேசறது?" என்றேன்.

"அதானே! பொண்டாட்டிகிட்ட எவனாச்சும் மரியாத போட்டுப் பேசுவானா? நீ மாஸ் போடு, நான் வெறும்னே பேசறேன். ஆளுக்குப் பாதி. சீக்கிரம் முடிஞ்சிடும்."

ஆகா, என்ன மூளை! நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். என் மாமியாருக்கு ரொம்பத் திருப்தி. "எந்த ஊர் பாஷையா இருந்தா இன்னா, பொம்பளன்னா மரியாத குடுத்துத்தான் பேசணும்" என்று ஜப்பானுக்கே சட்டம் போட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீடு தமிழ்நாட்டில் இல்லை. காலையில் டம்ளரை நீட்டி, கேள்விக்கு ஒரு 'கா' சேர்த்து "நொமிமாஸ்கா?" என்பேன். கட்டிலில் மல்லாந்தபடி "நொமு" என்பார். அவர் வண்டியை எடுத்தால் "இகிமாஸ்கா?" என்பேன். "இகு" என்று புறப்படுவார். போகப் போக எனக்கு மாஸ் போடாமல் வாயே திறக்கவில்லை. அரிசியைக் கொத்த வந்த கோழியைக்கூட மரியாதையாகத்தான் விரட்டினேன். அதுவும் மெதுவாகத்தான் போனது. பக்கத்து வீட்டு பாயம்மா ஒருநாள் மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, அவரு ஒரு வார்த்த சொன்னா நீ இவ்ளோ நீளமா திருப்பிக் குடுக்கிற? டெய்லி சண்டை ஜாஸ்தியா இருக்கே, கொஞ்சம் கம்மி பண்ணும்மா."

சண்டை இல்லை, படிப்பு என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. இருந்தாலும் பையர் வருகிற அன்று காலையில் என் வீட்டுக்காரருக்கு அத்தர் பூசி அனுப்பியவர் அவர்தான்.

பையர் வந்தார். வெள்ளைத் தலை, ஒல்லி உடம்பு, கூட மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண். என் மேசைக்கு எதிரிலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். இஸ்திரிச் சட்டையும் அத்தர் வாசமுமாக என் வீட்டுக்காரர் முன்னே போய் நின்று, கணீரென்று மூன்று சொல் சொன்னார்.

"கித்தா? ஸுவாரே. நொமு?"

அதாவது, வந்தியா? குந்து. குடிக்கிறியா?

பெரியவர் உட்காரவில்லை. சென்னைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றும் புரியாத மேனேஜருக்கோ பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களாமா, தண்ணி பட்ட பாடு!" என்றார்.

என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. மாஸ் போட வேண்டும் என்று தெரியும். ஆனால் ஒருநாளாவது போட்டிருந்தால்தானே வாயில் வரும்? முகமெல்லாம் வியர்த்து, மேசைகளுக்கு மேலாக என்னைத் தேடினார். கையில் ஒற்றை ஷூவோடு ஓடினேன்.

"ஸுமிமாஸென்" என்று மன்னிப்புக் கேட்டு, "ஸுவத்தே குதாசாய். ஒச்சா நொமிமாஸ்கா?" என்றேன். உட்காருங்கள், டீ சாப்பிடுகிறீர்களா என்று.

பெரியவர் சிரித்துவிட்டார். உட்கார்ந்தார், டீ குடித்தார், கேள்வி மேல் கேள்வி கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததற்கு ஷூவைத் திருப்பித் தையலைக் காட்டினேன். என் வீட்டுக்காரரைக் காப்பாற்றத்தான் போனேன், சத்தியமாக. ஆனால் கடைசியில் அந்தப் பெண், "இவங்களையே அனுப்புங்கன்னு சொல்றாரு" என்றாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னாப்பா, சம்சாரத்த அனுப்புவியா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். நான் என்ன, அவர் கட்டி வைத்த ஆட்டுக்குட்டியா?

பெரியவர் என்னைத்தான் பார்த்தார். "இகிமாஸ்கா?" என்றார். போகிறீர்களா?

இந்த வயது வரைக்கும் அப்படி ஒருவர் என்னைக் கேட்டதில்லை. வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமலே "இகிமாஸ்" என்றேன்.

சாயந்திரம் வண்டியில் அவர் ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டே வந்தார். திட்டினாலாவது பரவாயில்லை. "நான் ஒண்ணும் உங்க சீட்ட பிடுங்கல!" என்று முதுகைப் பார்த்துக் கத்தினேன். பஜாரில் பிரியாணிக் கடை முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"அங்க போயி நீ எல்லாருக்கும் மாஸ் போட்டுனே இருப்ப. தோஸ்த்துன்னு ஒருத்தி கிட்ட வரமாட்டா. வெறும்னே பேசவும் கத்துக்கணும். என்கிட்ட பேசு" என்றார்.

பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவே பார்க்க எனக்கு முன்னால் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, "தபெ... மாஸ்... கா?" என்று கேட்டார். சாப்பிடுகிறீர்களா?

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாஸ் போடாமல், "தபெரு" என்றேன்.