பதிமூன்று கோலும் ஒரு சாயாவும்

எங்கள் வீட்டு முற்றத்தில் துவைக்கிற கல்லுக்கு மேலே ஒரு பழைய ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறது. சந்திலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைத் துணிதான். கொச்சி மட்டாஞ்சேரியில் பாதி வீடுகளில் மழைக்கு இப்படி ஒன்று தொங்கும். துணி துவைத்து இடுப்பு வலித்து நிமிர்கிறவர்களுக்கு மட்டும் அதன் கீழ்ப்பக்கத்துப் படம் தெரியும். காலில் மெத்தை போல் தடித்த கவசம், கையில் அகலமான மட்டை, நெஞ்சில் இந்தியா என்ற எழுத்து. கழுத்துக்கு மேலே நெற்றிச்சுட்டியும் தலை நிறைய மல்லிகையுமாக ஒரு கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். ஐஸ் ஹாக்கியில் பூ வைத்துக்கொண்டு கோல் காத்தவள் உலகத்திலேயே எங்கள் மதினி ஒருத்தியாகத்தான் இருக்கும். படத்தைக் கீழ்ப்பக்கமாகக் கட்டியது அம்மா. வெயில் பட்டால் பிள்ளை முகம் கறுத்துப்போகும் என்றாள்.

மதினி லடாக்குக்காரி. பைக்கில் லடாக் போகும் கொச்சிக் கூட்டங்களோடு மெக்கானிக்காகப் போய்வந்த என் அண்ணன், மூன்றாவது பயணத்தில் தங்கும் விடுதிக்காரர் மகளையும் பார்த்துவைத்துவிட்டு வந்தான். கல்யாணம் இங்கேதான் நடந்தது. என்னைவிட ஒரு வயது இளையவள் என்றாலும் மதினி மதினிதான். தமிழை எங்கள் அம்மாவிடமும் மலையாளத்தைச் சந்திலும் படித்தாள். நாங்களே கார்ப்பரேஷன் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த தாத்தாவின் பேரப்பிள்ளைகள். எங்கள் தமிழிலேயே பாதி மலையாளம், அதில் பாதி அவளுக்கு வந்தது. என்னை 'நாத்தூனே' என்பாள். கணவனின் தங்கையை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

குளிர்காலம் வந்தால் இரண்டு மாதம் அவள் ஊருக்குப் போய்விடுவாள். அங்கே குளம் உறைந்து கிடக்கும், இந்திய அணியின் பயிற்சி அதன் மேலே நடக்கும். மற்ற மாதங்களில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் அண்ணன் டென்னிஸ் பந்தை அடித்துத்தள்ள, இவள் கவசத்தோடு விழுந்து விழுந்து தடுப்பாள். கொச்சியின் ஈரத்தில் அந்தக் கவசம் பூஞ்சை பிடிக்கும். அம்மா அதை மாடியில் காயப்போடுவாள். மெத்தை வியாபாரம் தொடங்கியாச்சா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அதையும் அம்மாவிடம்தான் கேட்டார்கள், மதினியிடம் இல்லை.

சொல்ல வந்ததே அதைத்தான். எங்கள் சந்தில் கேலிக்குத் தப்பியவர் யாரும் கிடையாது. அண்ணனின் கிரீஸ் கை, அம்மாவின் குரல், ஃபிளெக்ஸ் கடையில் நானே கற்றுக்கொண்ட டிசைன் வேலை, எல்லாவற்றுக்கும் ஆளாளுக்கு ஒரு பேச்சு வைத்திருப்பார்கள். மதினியைப் பார்த்தால் மட்டும் எல்லார் முகத்திலும் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்னால் 'மேடம்', பின்னால் 'நேபாளி'. அவள் கடையில் வெங்காயத்தை மலையாளத்தில் உள்ளி என்றே சொல்லி அரைக்கிலோ கேட்பாள், கடைக்காரர் இந்தியில் விலை சொல்வார். நாலு வருஷமாக இதே கதை. ஒருநாள் உள்ளி உரித்துக்கொண்டே சொன்னாள்: "என்னை இங்க யாருமே கேலி பண்றதில்ல, நாத்தூனே. வந்துட்டுப் போற ஆளைத்தானே அப்படி வெச்சிருப்பாங்க." குரலில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. நான்தான் அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆசிய அளவிலான போட்டிக்கு இந்தியப் பெண்கள் அணி கிளம்பியது. முதன்முறையாக மதினிதான் கோல் காக்கும் முதல் கோலி. அண்ணனுக்குத் தரையில் கால் பாவவில்லை. கால்பந்து உலகக் கோப்பை வந்தால் எங்கள் சந்தில் ஆகாயம் தெரியாது, அத்தனை ஃபிளெக்ஸ் தொங்கும். இந்தியாவுக்கு ஒன்று வைத்தால் என்ன என்றான். கோலிகள் முகமூடி போட்டிருப்பார்கள். முகம் தெரியாமல் யாருக்கு வைக்கிறீர்கள் என்று அம்மா சண்டைக்கு வந்தாள். நான் கல்யாணப் படத்திலிருந்து தலையை வெட்டி உடம்பில் ஒட்டிவிட்டேன். பூவை எடுக்க மனசு வரவில்லை. போனில் பார்த்த மதினி, இப்படி நின்றால் நடுவர் வெளியே அனுப்பிவிடுவார் என்று சிரித்தாள்.

ஃபிளெக்ஸுக்கு எங்கள் சந்தில் ஒரு முறை உண்டு. அணி தோற்று வெளியேறினால், வைத்தவர்களே மறுநாள் காலைச் சாயா நேரத்துக்குள் ஏணி போட்டு இறக்க வேண்டும். எதிர்க்கட்சி கீழே நின்று வாய்க்கு வந்ததைச் சொல்லும், இறக்கி முடித்ததும் அதுவே சாயாவும் வாங்கித்தரும். இதற்கெல்லாம் தலைமை, சந்துக்கே அண்ணன் முறையில் 'இக்கா'வான சாயாக்கடைக்காரர். பிரேசில் என்றால் உயிர். தங்கள் சொந்த மண்ணிலேயே உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் ஏழு கோல் வாங்கியதே, அந்த நாளிலிருந்து அவர் கடையில் ஏழு என்ற எண்ணுக்கே இடமில்லை. அர்ஜென்டினா கட்சிக்காரனான என் அண்ணன் வேண்டுமென்றே ஏழு பருப்புவடை கேட்பான். இக்கா ஆறு வைத்துவிட்டு, "ஒண்ணு நாளைக்கு வந்து தின்னு" என்பார்.

முதல் ஆட்டம் மத்தியானம். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துச் சந்தே குனிந்து பார்த்தது. பந்துக்குப் பதிலாக அடிக்கும் அந்தக் கறுப்பு வட்டு ஒருவர் கண்ணுக்கும் அகப்படவில்லை. மதினி எந்தப் பக்கம் விழுகிறாள், வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா, இந்த இரண்டையும் வைத்துத்தான் கதை புரிந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எதிரணிக்கு வருஷம் முழுக்கக் கூரைக்குள் பனித்தளம், நம் பெண்களுக்கு உறைந்த குளத்தில் இரண்டு மாதம். பதிமூன்று கோல். கடைசி விளக்கு எரியும்போது கடையில் கிளாஸ் கழுவும் சத்தம் மட்டும்தான். சாயங்காலம் மதினி போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்: "பயப்படாதீங்க. எவ்வளவு வேகமா வருதுன்னு இன்னைக்குத்தான் பாத்தேன். இனிப் பாருங்க." சொன்னபடியே அடுத்த ஆட்டத்தில் ஆறு, கடைசி ஆட்டத்தில் இரண்டு. அதில் நம் பெண்களும் ஒரு கோல் போட்டார்கள். ஆனாலும் மூன்றிலும் தோல்விதான், கடைசி இடம்.

மறுநாள் காலை அண்ணன் ஏணியை எடுத்துக்கொண்டு போனான். இக்கா தடுத்துவிட்டார். "அது அங்க கிடக்கட்டும் மோனே. பாவம் பெண்குட்டி." யாரும் கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாலாம் நாள் மதினி விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கினாள். முதலில் அண்ணாந்து, கம்பத்தில் கட்டிய ஃபிளெக்ஸைத்தான் பார்த்தாள். இது ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டாள். இக்கா சொன்னதைச் சொன்னேன், அந்தப் 'பாவ'த்தையும் விடாமல். பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

"அர்ஜென்டினா ஃபிளெக்ஸ்னா இறக்காம விட்டிருப்பாரா?"

மறுநாள் காலைச் சாயா நேரத்தில் ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். நானும் அண்ணனும் பின்னால் ஓடினோம். அவள் ஏறி முதல் முடிச்சை அவிழ்த்தபோது கீழே யாரோ கைதட்டினார்கள். அதைக் கேட்டு எல்லோரும் தட்டினார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பரிசு கிடைக்காத பிள்ளைக்குத் தட்டுவோமே, அந்தக் கைதட்டு. மதினியின் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. திரும்பி இக்காவைப் பார்த்தாள்.

"கைதட்ட வேண்டாம் இக்கா. சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க. நான் இந்தச் சந்துதானே?"

கைதட்டு நின்றுவிட்டது. இக்கா கையிலிருந்த கிளாஸைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டால், மதினி அந்த ஏணியிலிருந்து இறங்கி அப்படியே லடாக்குக்கே நடந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அவர் தலை நிமிர்ந்தது.

"அல்ல மோளே, ஒண்ணு கேட்கட்டா. நம்ம ஃபோர்ட் கொச்சிச் சீனவலையில ஒரு நாள் முழுக்கப் போட்டாலும் பதிமூணு மீன் விழறதில்ல. உன் வலை மட்டும் எந்தக் கடையில வாங்கினது?"

மதினி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏணியின் உச்சியில் நின்றபடி நிதானமாக ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டு விரலும் காட்டினாள்.

"நாங்க வழுக்குற பனியில நின்னு பதிமூணு வாங்கினோம் இக்கா. நீங்க காய்ஞ்ச புல்லுல நின்னு ஏழு வாங்கினீங்க."

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அண்ணன் சிரிப்பில் ஏணியைக் கைவிட்டுவிட, நான்தான் பிடித்துக்கொண்டேன். நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லோரும் அன்றைக்கே கொட்டினார்கள். மாடியில் காய்ந்த மெத்தை வந்தது, தலையில் வைத்த பூ வந்தது. கடைசி ஆட்டத்தில் கோல் போட்டவர்களே பூ வாசத்தில் மயங்கித்தான் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள் என்றான் ஒருவன். எல்லாவற்றுக்கும் மேலே நின்று பதில் சொல்லிக்கொண்டே அவள் மிச்ச முடிச்சுகளை அவிழ்த்தாள். ஃபிளெக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினபோது இக்கா சாயாவை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார். "மதினிக்கு ஒண்ணு" என்று கடைப்பையனிடம் நீட்டினார். அவர் வாயில் அந்தத் தமிழ்ச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். இன்றைக்குச் சந்து முழுக்க அவள் மதினிதான், அவளைவிட மூத்தவர்களுக்கும். உள்ளிக்கடைக்காரர் மலையாளத்தில் விலை சொல்கிறார். அவள் மலையாளத்தில் பேரம் பேசுகிறாள்.

நான் எத்தனையோ வெற்றிக்கு ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுத்திருக்கிறேன். தேர்தல், தேர்வு, கோப்பை எல்லாம் உண்டு. ஜெயித்தவரைத் தூக்கி வைத்துக்கொள்வது பெரிய வேலை இல்லை. தோற்று வந்தவளைப் பார்த்து முகத்துக்கு நேரே ஒன்று சொல்ல, அவள் நம்மவள் என்ற தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தை எங்கள் சந்துக்குக் கொடுத்தவள் மதினி. கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த முறை அணி மூன்றாம் இடத்தில் முடித்து வெண்கலத்தோடு வந்தது. மதினிதான் கோலி. ஃபிளெக்ஸ் அடிக்கச் சொல்லி இக்காவே என் கடைக்கு வந்தார். பின்னணி பிரேசில் மஞ்சளாக இருக்கட்டும், தலையில் பூ குறையக் கூடாது என்றார். அது கம்பத்தில் இருக்கிறது, இறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இன்று காலை மழை விட்ட நேரத்தில் மதினி துவைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே பழைய ஃபிளெக்ஸில் பூ வைத்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து இக்காவின் குரல் வந்தது. "மதினி, மூணாம் இடம்ங்கிறாங்களே, வந்ததே மூணு டீம்தானா?"

மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோப்பு நுரையோடு இரண்டு கையையும் ஃபிளெக்ஸுக்கு வெளியே நீட்டி, ஏழு விரல் காட்டினாள்.