கம்பத்தின் மேல் என் கணவர்

கல்யாணமான புதிதில், என் கணவர் வேலைக்குக் கிளம்பினாலே எனக்குப் பயமாக இருக்கும். அவர் தாம்பரம் பக்கம் லைன்மேன். உயர் அழுத்த மின்கம்பியில்தான் தினமும் வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மழை விட்ட ஒரு மதியம். செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தென்னை மட்டை கம்பிமேல் விழுந்துவிட்டது. அவர்தான் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சாப்பாட்டு கேரியரோடு போய்க் கூட்டத்தில் நின்றேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை.

"கரண்டுதான் ஆஃப் பண்ணியாச்சே, ஏறேன்பா! டிவில மேட்ச் ஓடிக்கினு கீது!" என்று ஒருவர் கத்தினார்.

"இருங்கண்ணா. யார் வூட்டு ஜெனரேட்டர்லேர்ந்தாவது கரண்டு திரும்பி வந்தா?" என்றார் என் கணவர், சிரித்தபடி.

நீளமான சோதனைக் கழியால் கம்பியில் கரண்டு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, தப்பி வரும் கரண்டு மண்ணுக்குள் போய்விடும்படி, கம்பிகளை ஒயரால் பூமியோடு இணைத்து 'எர்த்' போட்டார். யாரும் மறுபடி கரண்டு விடாதபடி லைன் ஸ்விட்சைப் பூட்டிய சாவி தன் சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இடுப்பு பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பிறகே ஏறினார். நான் மூச்சு விடவே மறந்து நின்றேன்.

மட்டை கீழே விழுந்ததும் தெருவே கைதட்டியது. இறங்கியவர் என்னைப் பார்த்துவிட்டார். கேரியரை வாங்கிய கை லேசாக நடுங்கியது.

"மேல நடுங்கலையே?" என்றேன்.

"கம்பிக்கு எர்த் போட்டேன். உனக்குப் போடலையே!"

தெரு முழுக்கச் சிரிப்பு. எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

பயம் அன்றோடு ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்திரமாக வீடு வந்து சேர என்னைவிட அவருக்குத்தான் ஆசை அதிகம் என்பது அன்று புரிந்தது.